சிங்கப்பூரில் மழை

போன் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ரேடியோ வருகிறது என்றால், நாம் பேசுவதும் அங்கே கேட்கும் என்றுதான் நம்பினேன்.

காரைக்குடிக்கு இன்டர்நெட் கடை வந்த புதிது. சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் தினமும் கேட்கும் தமிழ் வானொலியைக் கேட்க, சலவைச் சட்டை போட்டு மனைவியோடு போனேன். பாட்டின் நடுவே அவள் தும்மிவிட்டாள். பதறிப்போய், "சிங்கப்பூர்க்காரவுக தப்பா நெனைக்காதீக" என்று கம்ப்யூட்டரைக் கும்பிட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, இங்குட்டுப் பேசுறது அங்குட்டுக் கேக்காது."

மனைவியின் முகம் வாடிவிட்டது. "ரேடியோக்காரவுககிட்ட பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்னு வந்தேனே."

அப்போது செய்தியில், சிங்கப்பூரில் பலத்த மழை என்றார்கள். அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "ஆத்தா, கொடியில கெடக்குற துணிய எடுத்துரு" என்றாள். கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. நானும் குனிந்து, "நனைஞ்சுறாத, ஆத்தா" என்றேன்.

எங்கள் குரல் அந்தக் கடையைத் தாண்டவில்லை.