பொட்டு இங்கே வைக்கவும்

புது வாஷிங் மெஷினோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலையில்தான் செய்தி வந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் உள்ளிருந்து விழுந்தது கட்டம் போட்ட ஓர் அட்டை மட்டும். கட்டத்தை ஃபோனில் பிடித்தால் எல்லாம் தெரியும் என்று அதில் போட்டிருந்தது. பிடித்தேன். என் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அது கேட்டுத் தெரிந்துகொண்டது. தண்ணீர்க் குழாயை எதில் செருகுவது என்று எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. துணிக்கூடையோடு நின்றிருந்த என் மனைவி, "சாந்தாமணி அக்காவக் கூப்புடுங்க. இல்லாட்டி தொவைக்கற கல்லுகிட்ட நீங்களே போங்க" என்றாள்.

கூப்பிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். அதுவே அடித்தது. அக்காவின் எண்.

"அக்கா, உங்களுக்கு நூறு ஆயுசுங்க! இப்பத்தான் உங்களப் பேசிட்டிருந்தோம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல். பிறகு அக்காவின் கணவர் குழந்தைவேல் மாமாவின் குரல். "மாப்ள... அக்கா விடியால போயிட்டா."

இத்தனை வருடமாகச் சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். இப்படி ஓர் இடத்தில் இப்படி ஒரு வார்த்தையை விட்டதில்லை. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உன்ற நம்பருதான் மேல இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்" என்றார். "வாரேன் மாமா" என்று சொல்லிக் கிளம்பினேன்.

இதைப் படிக்கிறவர்களில் அக்காவை நேரில் அறிந்தவர்கள் பலர். அறியாதவர்களும் அவர் எழுத்தைப் படித்திருப்பீர்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் மிக்சியோ கிரைண்டரோ வாங்கியிருந்தால், பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்திருக்கும். படித்தால் புரிகிற புத்தகம். அதை எழுதியவர் சாந்தாமணி அக்கா. எழுதியவர் பெயரை அதில் போடும் வழக்கம் இல்லை. அதே கம்பெனியில் விளம்பரம் எழுதிய என் பெயரையும் எங்கேயும் போட்டதில்லை, அது நல்லதற்குத்தான். 'தொட்டால் போதும், மாவு பூ மாதிரி' என்று பெட்டியின் மேல் நான் எழுதுவேன். 'ஊறாத உளுந்தைப் போட்டால் கல் தேயும்' என்று உள்ளே அவர் எழுதுவார். பெட்டியைப் பிரிப்பதற்குள் என் வேலை முடிந்துவிடும். அவர் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

அவர் வேலை செய்த விதத்தைக் கூட இருந்து பார்த்தவன் நான். புத்தகத்தின் வரைவு முடிந்ததும், அந்த மெஷினைக் கண்ணால் பார்த்திராத ஒருவரை உட்கார வைப்பார். புத்தகத்தையும் மெஷினையும் அவர் முன்னால் வைப்பார். பிறகு எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்து, முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொள்வார். அதன் பிறகு என்ன நடந்தாலும் வாய் திறக்க மாட்டார். எதிரில் இருப்பவர் மூடியைத் தலைகீழாகப் போடுவார், பிளக்கைச் சொருகாமல் சுவிட்சைத் தட்டுவார், நம் முகத்தை முகத்தைப் பார்ப்பார். சொல்லித் தொலைக்கலாமே என்று நமக்குத் தொண்டை அரிக்கும். அக்கா அசைய மாட்டார். "நான் சொல்லிக் குடுத்தா அவரு கத்துக்குவாரு தம்பி. ஆனா என்ற பொஸ்தகம் எப்பக் கத்துக்கும்?" என்பார். கம்பெனியிலேயே கை லாவகம் இல்லாதவன் என்ற தகுதியால் பெரும்பாலும் அந்த நாற்காலி எனக்கே கிடைத்தது. நான் தடுமாறிய இடமெல்லாம் மறுநாள் வேறு வாக்கியமாகியிருக்கும். அந்த வகையில் தமிழ் உரைநடைக்கு என் பங்களிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இண்டக்‌ஷன் அடுப்பு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. அடுப்பு தானாக அணைகிறது, தானாகக் கத்துகிறது என்று புகார்கள் குவிந்தன. ஆயுத பூஜையை ஒட்டி இன்னும் அதிகமாயின. இன்ஜினியர்கள் மின்னழுத்தத்தைக் குறை சொன்னார்கள். அக்கா பேருந்தேறி ஜேடர்பாளையத்தில் புகார் செய்த ஒரு வீட்டுக்கே போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். அடுப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடுகிற பொத்தான் ஒவ்வொன்றின் மேலும் ஈரச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அந்த ஈரத்தைத்தான் அடுப்பு விரல் என்று எண்ணியிருக்கிறது.

"ஏனுங்க, இங்க எதுக்குங்க பொட்டு வெச்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

"புதுச் சாமானுக்குப் பொட்டு வெக்காம எப்படிங்க சாமி பத்த வெக்கறது?" என்றார் அந்த அம்மா. "மூஞ்சி எதுன்னு தெரியல. இதுலதான் லைட்டு எரிஞ்சுது. மூஞ்சின்னு நெனச்சு வெச்சுட்டனுங்க."

அடுத்த பதிப்பில் முதல் பக்கத்திலேயே அடுப்பின் படம் வந்தது. ஓரத்துச் சட்டத்தில் ஓர் அம்புக்குறி. அதன் அருகே: 'பொட்டு இங்கே வைக்கவும்.'

தலைமை இன்ஜினியர் குதித்தார். "என்னம்மா இது? டெக்னிக்கல் புக்கா, பஞ்சாங்கமா? பொட்டு வைக்கக் கூடாதுன்னு போடுங்க, போதும்."

"கூடாதுன்னு போட்டா வெக்காம இருப்பாங்களாங்க? உங்கூட்டு அடுப்புல எங்க வெச்சிருக்காங்கன்னு போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

மறுநாள் இன்ஜினியர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள் என்பதை நான் விசாரித்து அறிந்தேன். கம்பெனி முழுவதும் பரப்பியதும் நான்தான்.

பிறகு கம்பெனி கை மாறியது. புத்தகம் மடிப்புத் தாளாக மெலிந்தது. தாளில் உலகத்து மொழிகளெல்லாம் இடம் பிடிக்க, தமிழ் எறும்பு சைசுக்கு வந்தது. எழுதுகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 'அரைத்த பின் உங்களை நன்றாகக் கழுவி வெயிலில் காய வைக்கவும்' என்று அது எழுதியது. அக்கா அந்தத் தாளை முதலாளி மேஜையில் வைத்து, "இதுபடி செஞ்சு காட்டுங்க, நான் இருக்கறேன்" என்றார். முதலாளி செய்து காட்டவில்லை. அக்கா இருக்கவில்லை.

வேலையை விட்டவர் எழுதுவதை விடவில்லை. வீட்டு விசேஷங்களில் பரிசாக வரும் விளையாட்டுப் பெட்டிகளில் விதிகள் இருக்காது, காய்கள் மட்டும் இருக்கும். பந்தலில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் அக்காவைத்தான் தேடுவார்கள். அவரும் சாப்பாட்டு வரிசையை விட்டு வந்து விதி எழுதிக் கொடுப்பார். "மொதல்ல ஆரு ஆடறதுன்னு எழுதாத ஆட்டம், ஆட்டமில்லீங்க, பங்காளிச் சண்டை" என்பது அவர் கருத்து.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குழந்தைவேல் மாமா ரிக் வண்டிக்காரர். வட மாநிலங்களில் போர்வெல் போட்டே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். பாறையைத் துளைத்தபோது பறந்த தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. புதுச்சத்திரத்து வீட்டில் அவருக்கு இப்போது ஆக்சிஜன் மெஷின்தான் துணை. அதை அக்காதான் ஓட்டிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு அக்காவின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, அக்கா கேட்ட முதல் கேள்வி எவ்வளவு நாள் என்பது. அடுத்த வாக்கியம் என்னிடம்: "அதுக்குள்ள இவருக்கு ஒரு பொஸ்தகம் எழுதிப்போடோணும் தம்பி."

மெஷினோடு வந்ததும் ஒரு கட்டம் போட்ட அட்டைதான். ஆகவே அக்கா வெறும் தாளிலிருந்து தொடங்கினார். வரைவு முடிந்ததும் மாமாவை உட்கார வைத்தார். எதிரே முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தானும் உட்கார்ந்தார். மாமா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டார். "ஃபில்டரு அடைச்சிருக்குது. ஸ்பேனரு எங்க?" என்றார்.

"தெரியாதவங்களுக்கு எழுதறது சுலுவு தம்பி. தெரிஞ்சவங்களுக்கு எழுதறதுதான் பாடு" என்று அன்றைக்கு அக்கா பெருமூச்சு விட்டார்.

ஆனால் விடவில்லை. மருந்துக்கு நடுவில், வலிக்கு நடுவில், பக்கம் பக்கமாக மாமாவை வழிக்குக் கொண்டு வந்தார். ஃபில்டர் கழுவும் பக்கம் தேறியது. தண்ணீர் ஊற்றும் பக்கம் தேறியது. மின்சாரம் போனால் செய்ய வேண்டியது மட்டும் தேறவில்லை. கட்டிலில் இருந்தபடியே மூக்குக் குழாயை மெஷினிலிருந்து கழற்றிப் பக்கத்திலிருக்கும் சிலிண்டரில் மாட்டி, சாவியால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா கையைத் தட்டி, "கரண்டு போச்சு" என்றார். மாமா மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியை நோக்கி நடந்தார். மெஷின் நின்றால் கோளாறு எங்கே என்று தேடிப் போவதுதான் ஆயுசு முழுக்க அவருக்குப் பழக்கம். திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சிரைக்க, "ஃபீசு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"ஃபீசு எப்படிங்க போவும்? கரண்டு போவவே இல்லையே!" என்று அக்கா அழுதார், சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நெசமாப் போற அன்னிக்கு இவரு வாசல் வரைக்கும் போயிட்டாருன்னா திரும்பி வர மாட்டாரு. எந்திரிக்க உடாம ஒரு வரி வேணும் தம்பி. எனக்கு வர மாட்டீங்குது."

அந்த வரி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. மாமாவின் சித்தி விளக்கோடும் ஊதுபத்தியோடும் மாமாவின் கட்டிலறைக்கு வந்தார். "புருசனிருக்கற எடத்துலதான் அவ படத்துக்கு வெளக்கு எரியோணும்" என்றார். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு! நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தலையணை அருகில் இருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்: 'என் படமும் விளக்கும் முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். அங்கிருந்தால் எனக்கும் பொழுது போகும்.' சித்தி அதைப் படித்துவிட்டு, "போயும் வேலை ஏவறா பாரு" என்று விளக்கை முன்னறைக்குக் கொண்டு போனார்.

காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்த பிறகு நான் மாமாவின் எதிரே உட்கார்ந்தேன். முந்தானை இல்லாததால் துண்டைச் சுருட்டிக்கொண்டேன். கையைத் தட்டினேன். மாமா எழுந்து போனார். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 'எழுந்திருக்கக் கூடாது' என்று எழுதினேன். எழுந்தார். 'எழுந்தால் உயிருக்கு ஆபத்து' என்று எழுதினேன். "ரிக்குல இப்படி எத்தன போர்டு பாத்திருப்பேன் மாப்ள" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். எனக்குத் தெரிந்த விளம்பர வித்தைகளையெல்லாம் இறக்கினேன். எல்லா வரியையும் தாண்டி மீட்டர் பெட்டிக்குப் போனார்.

கடைசியில் பேனாவைக் கீழே வைத்தேன். "மாமா, ரிக்குல ராடு சிக்கிக்கிச்சுன்னா மொதல்ல என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஆளுங்கள அக்கட்ட நகத்துவேன். அப்பறந்தான் மெசினத் தொடுவேன். மெசின் போனா வாங்கிக்கலாம், ஆளு போனா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'மொதல்ல ஆளு. அப்பறம் மெசினு.' அக்காவின் கையெழுத்துக்குக் கீழே என் கோழிக் கிறுக்கல். மாமா வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"இங்க ஆளு ஆரு மாப்ள?"

"நீங்கதானுங்க மாமா."

மாமா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடமாக எத்தனையோ பேரை நகர்த்திக் காப்பாற்றியவர், அந்தக் கணக்கில் தன்னை ஒருநாளும் சேர்த்துக்கொண்டதில்லை. நான் கையைத் தட்டினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சிலிண்டர் சாவிக்குக் கையை நீட்டினார்.

அந்தப் புத்தகத்தைப் படியெடுத்து நாமக்கல்லில் ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் கொடுத்திருக்கிறேன். அதே மெஷின் இருக்கும் வீடுகளின் முகவரி கேட்டிருக்கிறேன். அடுத்தது ஆத்தூரில் ஒரு வீடு. அங்கே நோயாளி அரிசி மில் வைத்திருந்தவராம். ரிக் வாக்கியம் அவரிடம் செல்லாது, வேறு வாக்கியம் வேண்டியிருக்கும். கிடைக்கும் வரை அங்கே உட்காருவேன். நான் சும்மா உட்காருவதில் வல்லவன் என்று என் மனைவி சான்று தருவாள்.

போன வாரம் நண்பகலில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, கரண்டு போச்சு."

"மாமா, எங்கிருந்துங்க பேசறீங்க? வாசல்லயா?"

"உக்காந்துட்டுத்தான் பேசறேன்" என்றார். சிலிண்டர் காற்று சீராக இரைவது அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது.

அக்கா விட்டுப்போனவற்றில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அவருக்கு வராமல் போன அந்த ஒரு வாக்கியம்.