விசில் இல்லாத சனிக்கிழமை

“வா, வா, வா... இன்னும் வா. பயப்படாத, பின்னால வாழைமரம்தான், அது உன் காடிய ஒண்ணும் செய்யாது. வா... வா... ஆங்!”

சுபிரின் வலது கை காற்றில் இறுக மூடிக்கொள்கிறது. மூடிய கை என்றால் நிறுத்து. வண்டி நிற்கிறது. அதன் பின்பக்கத்துக்கும் வாழைமரத்துக்கும் இடையில் ஒரு ரொட்டிச் சானாய் நுழையும், அதற்கான குழம்பு நுழையாது. சுபிர் வந்து கூரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். ‘டப், டப்.’ இனி இது என் பொறுப்பு, நீ போய்ச் சாப்பிடு என்று அதற்குப் பொருள். எங்கள் தைப்பிங் ஊரில் இந்த இரண்டு தட்டை வாங்காமல் கல்யாணச் சோறு தின்றவர்கள் குறைவு.

வார நாட்களில் சுபிர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். ஊர் நாய்கள் அத்தனையும் அவரை வெறுக்கின்றன. சனி, ஞாயிறுகளில் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஏதாவது ஒரு சந்து முனையில் நிற்பார். அவரை யாரும் நியமிக்கவில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மீதிப் பேர் அந்தக் கல்யாணங்களுக்கு வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒருவர் வேண்டாமா? கூலி கிடையாது. பந்தி முடிந்தபின் ஒரு பொட்டலம் நெய்ச்சோறும் மாட்டிறைச்சிக் கறியும், விருந்தாளிக்குக் கொடுக்கும் காகிதப்பூ சுற்றிய அவித்த முட்டை ஒன்றும் போதும். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கக் காகிதப்பூக்கள் இருக்கின்றன. முட்டைகளைச் சாப்பிட்டுவிட்டார்.

இடத்தைவிட ஆளைக் கணக்கெடுப்பதில்தான் அவர் வித்தை. முன்கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பார். இன்னும் இரண்டு கல்யாணத்துக்குப் போகவேண்டியவர் சட்டையை உள்ளே செருகியிருப்பார். அவருக்குத் தெரு முனை. கைப்பையில் பிளாஸ்டிக் டப்பா எட்டிப் பார்க்கும் அம்மாள் கடைசி அகப்பை வரை இருப்பார். அவருக்கு உள்ளே, வாழைமரத்தடி. ‘சும்மா தலையக் காட்டிட்டுப் போயிருவேன்’ என்று வாயால் சொல்பவரைச் சுபிர் நம்புவதே இல்லை. “அப்படிச் சொல்றவங்கதான் மூணு தரம் சோறு வாங்குவாங்க” என்பார். இதுவரை தவறியதில்லை.

மனிதர்களின் பெயர் அவர் மண்டையில் தங்காது. வண்டி தங்கும். உள்ளூரில் ஒருவர் இறந்த செய்தி வந்தபோது நெடுநேரம் விழித்துவிட்டு, “யாரு... ஓ, நீலச் சாகா காடியா! ஐயோ, போன மாசம்கூட எவ்வளவு அழகா ரிவர்ஸ் எடுத்தாரு!” என்று கண் கலங்கினார். அந்த மனிதரைப் பற்றி அன்று சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகளில் உண்மையானது அது ஒன்றுதான் என்று கேள்வி.

ஒருமுறை ஒரு டத்தோ, அதாவது அரசர் பட்டம் கொடுத்த பெரிய மனிதர், பந்தல் வாசலிலேயே நிறுத்துவேன் என்று அடம்பிடித்தார். கண்ணாடியை இறக்கி, “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியும் டத்தோ. பதினேழு அடி. வாசல்ல பதினஞ்சுதான் இருக்கு.”

டத்தோ போய் வாழைமரத்தடியில் நின்றார். இரண்டு தட்டு அவருக்கும் கிடைத்தது. ஒன்று கூடவோ குறையவோ இல்லை.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஹஸ்லினாவுக்குக் கல்யாணம் வந்தது. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தும் அவர் மனைவி ரொக்கியா, அறுநூறு பிள்ளைகளை ஒரே குரலில் வரிசையில் நிறுத்துகிறவர். ஒரு வாரம் முன்னாலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“அபாங், அன்னிக்கு நீங்க பொண்ணோட அப்பா. வாசல்ல நின்னு வர்றவங்களுக்குக் கை குடுக்கணும். விசில் சத்தம் கேட்டுச்சு, நான் மேடைக்கு வரமாட்டேன்.”

“சும்மா கழுத்துல தொங்கட்டுமே, ரொக்கியா. ஊத மாட்டேன்.”

“கழட்டுங்க.”

கழற்றினார். அது எங்கே போனதென்று வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பெய்தது. தைப்பிங்கில் மழை பெய்வது செய்தியே அல்ல. ஆனால் இந்த மழை, வண்டிகள் நிற்கவேண்டிய, சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தின் திடலை எருமை புரளும் குட்டையாக்கிவிட்டுப் போனது. ஆக எல்லா வண்டியும் தெருவில்தான். போதாக்குறைக்கு அதே தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு வீட்டிலும் கல்யாணம். இரண்டு வாசலிலும் ஒரே மாதிரி ஜிகினாக் காகிதத் தென்னம்பாளைகள், ஒரே மாதிரி மஞ்சள் பந்தல். இரண்டையும் வாடகைக்குக் கொடுத்தவர் ஒருவரே.

வண்டி நிறுத்தும் பொறுப்பு என்கிற, விசிலும் மேல்சட்டையும் இல்லாத சிம்மாசனத்தில் எதிர்வீட்டு ஹோக் செங் உட்கார்ந்தார். நாற்பது வருடம் இரும்புக்கடை நடத்தி ஓய்ந்த தவுக்கே, சீன முதலாளி.

“தவுக்கே, இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் ஒரு காடி நின்னாலும் பஸ் நுழையாது. பன்னெண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டு பஸ் வருது.”

“தெரியும் லா. நாப்பது வருசம் ஆணி வித்தவனுக்குக் காடி நிறுத்தத் தெரியாதா?”

“ஆணி, போட்ட பெட்டியில கிடக்கும் தவுக்கே. ஆளுங்க கிடக்க மாட்டாங்க.”

“நீ போய் சட்டைய மாத்து லா. பொண்ண விட நீதான் பயந்துபோய் இருக்க.”

சுபிர் கத்தரிப்பூ நிறச் சட்டையும், இடுப்பில் ஜரிகை போட்ட சொங்கெட் துணியும் அணிந்து வாசலில் நின்றார். மனைவி, மைத்துனர்கள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் அதே நிறம். குடும்பமே ஒரு கூடைக் கத்தரிக்காய் போலிருந்தது. அவர் வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். கண் மட்டும் அவர்களுடைய தோளுக்கு மேலே தெருவில் இருந்தது. ஒரு பெரியவரைக் கை குலுக்கும்போதே இடப்பக்கமாகத் திருப்பி, சுவரோரம் ஒட்டி நிறுத்திவிட்டார். ரொக்கியா இடுப்பில் ஒரு இடி இடித்தார்.

பதினொன்றரைக்கு வலது பக்கத்தில் முதல் வண்டி நின்றது. சுபிருக்கு வியர்த்தது. பன்னிரண்டுக்கு ஐந்து வண்டிகள். தெரு முனையில் ஹோக் செங் ஒவ்வொரு சன்னலிலும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்: “ஆண்ட்டி, எங்க நிறுத்தப் பிரியப்படுறீங்க?” கடைக்கு வந்தவரிடம் பிரியத்தைக் கேட்டே பழகிய வாய். உலகத்தில் எந்த வண்டி நிறுத்துமிடமும் இந்தக் கேள்வியைத் தாங்கியதில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தின் கொம்பாங் மேளம் கேட்டது. பந்தல் நிமிர்ந்தது. ரொக்கியா பூத்தட்டைக் கையில் எடுத்தார். சுபிர் மட்டும் தலையைச் சாய்த்தார். மேளம் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

மாடிச் சன்னல் திறந்தது. தலையில் கிரீடத்தோடு ஹஸ்லினா எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

“அபா! அஸ்ருல் போன் பண்றான்! பஸ் மாட்டிக்கிச்சாம், எல்லாரும் அந்தக் கோடி வீட்டுல இறங்கிட்டாங்களாம்! இது பொண்ணு வீடு இல்லைன்னு சொன்னா யாரும் கேக்கவே மாட்டேங்குறாங்களாம்!”

“அவனை என்ன பண்றாங்க?”

“மேடைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்! ரோஜா சர்பத் நல்லா இருக்குன்னு சொல்றான்!”

நிக்காஹ் முந்தின நாளே பள்ளிவாசலில் முடிந்திருந்தது. இன்று ஊரறிய இருவரும் மேடையில் அமரும் நாள். மாப்பிள்ளை ஒரு நாள் ராஜா. ராஜாவுக்குக் குடை பிடிப்பார்கள். ராஜாவிடம் வழி கேட்கமாட்டார்கள். மேளக்காரர்கள் ஜிகினாவைக் கண்டதும் இறங்கி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், பெரியவர்கள் பின்னால் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு வந்தவர்களில் ஒரு முகமும் தெரியவில்லைதான். ஆனால் பந்தலுக்குள் கால் வைத்தவரிடம் ‘நீங்க எந்த வீடு?’ என்று கேட்பது, எங்கள் பக்கத்தில், அவர் தட்டிலிருந்து கோழித்தொடையைப் பிடுங்குவதற்குச் சமம். ஆகவே இரு தரப்பும் மிகுந்த மரியாதையோடு தப்புச் செய்துகொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு வரவேண்டிய மாப்பிள்ளையின் பஸ் வேறு இனிமேல்தான் வர வேண்டும்.

சுபிர் மனைவியைப் பார்த்தார். கை, விசில் இருக்கவேண்டிய இடத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வண்டி. கோடியில் மருமகன். மேலே மகள், மை கலைய அழலாமா வேண்டாமா என்ற யோசனையில்.

ரொக்கியா பூத்தட்டை மைத்துனியிடம் நீட்டினார். கைப்பையைத் திறந்தார். டிஷ்யூ காகிதத்துக்கும் உதட்டுச் சாயத்துக்கும் நடுவிலிருந்து அந்த விசிலை எடுத்தார்.

“பத்து நிமிசம். வேர்வை படக்கூடாது. சொங்கெட் வாடகைக்கு எடுத்தது.”

அதன்பின் அந்தத் தெரு கண்டதை அது மறக்கப்போவதில்லை. ஜரிகையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்ணின் தகப்பன் ஓடினார். விசில் மூன்று முறை காதைப் பிளந்தது. பந்தியில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் சாவியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“மஞ்சள் மைவி! அக்கா, மூணாவது தரம் சோறு அப்புறம் வாங்கலாம், வாங்க! வெள்ளை வேன், பின்னால போ! பச்சைச் சாகா... நீங்களா? நீங்கதான் ஒழுங்கா நிறுத்தியிருக்கீங்க, உக்காந்து சாப்பிடுங்க!”

எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக வலது பக்கத்தை விட்டு உரிந்து, எங்கெங்கோ இருந்த இடுக்குகளில் செருகிக்கொண்டன. தெரு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. ஹோக் செங் வாயைப் பிளந்தபடி நின்றார்.

“தவுக்கே, இன்னொரு பஸ் வரும், அந்த வீட்டு மாப்பிள்ளை. நேரா அவங்க வாசலுக்கு விடு. அங்க காத்திருக்கிறதும் யாரோ ஒருத்தர் பொண்ணுதானே.”

“எங்க நிறுத்தன்னு...”

“பிரியத்தைக் கேக்காத!”

கோடி வீட்டு மேடையின் முதல் படியில் ஒரு கால் வைத்திருந்த அஸ்ருல், மாமனாரின் தலையைக் கண்டதும் குடையை விட்டு ஓடிவரப் பார்த்தான். “ராஜா ஓடக்கூடாது!” என்று அதட்டினார் சுபிர். பிறகு மேளத்துக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று, பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். இரண்டு கைகளும் தாமாகவே ஆடின. வா, வா, கொஞ்சம் இடது, சாக்கடை இருக்கு, வா. குடையும் மாப்பிள்ளையும் கொம்பாங்கும் மாப்பிள்ளை ஊரான பரித் புந்தாரின் பெரியவர்களும் அந்தக் கைகளைப் பார்த்தபடியே தெரு முழுக்க வந்தார்கள். சர்பத் கொடுத்த பாவத்துக்குக் கோடி வீட்டுக்காரர்கள் சிலரும் தட்டோடு வழியனுப்ப வந்துவிட்டார்கள். தெரு முனையில், “ஏய் பஸ்! அங்க போ! உன் பிரியம் எனக்குத் தேவையில்லை லா!” என்று ஒரு தவுக்கேயின் குரல் முழங்கியது.

வாசலில் ரொக்கியா கடிகாரத்தைப் பார்த்தார். “பதினாறு நிமிசம்” என்றார். கைக்குட்டையால் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டு, விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மேடையில் ஹஸ்லினாவும் அஸ்ருலும் அமர்ந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் அரிசியும் பன்னீரும் தூவி வாழ்த்தினார்கள். சுபிரின் முறை வந்தது. அரிசியை அள்ளியவர் தூவாமல் நின்றார். மாப்பிள்ளை வெட்கத்தில் நாற்காலியின் அந்த ஓரத்தில் ஒட்டியிருந்தான். நடுவில் ஒரு மைவி நிறுத்தலாம்.

சுபிரின் இடது கை எழுந்தது. விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன. அஸ்ருல் கொஞ்சம் நகர்ந்தான். விரல்கள் மறுபடியும். இன்னும் கொஞ்சம். பந்தல் கவனிக்கத் தொடங்கியது, பிறகு சிரிக்கத் தொடங்கியது. தோளும் தோளும் தொட்ட நொடியில் கை இறுக மூடியது. சுபிர் அரிசியைத் தூவினார். பிறகு குனிந்து, மருமகனின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

‘டப், டப்.’