எடுக்க மறந்த பிளாஸ்திரி

திருச்சியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அந்தப் பெரிய ஆபீஸில், எலெக்ட்ரீஷியன் ஸ்தனிஸ்லாஸுக்கு 'தெரியவில்லை' என்றொரு பட்டப்பெயர் உண்டு. ரிப்பேர் நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் எழுதுவது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான். ஃபியூஸ் போனதற்குக்கூட, கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு இரண்டு தரம் சரிபார்க்காமல் காரணம் எழுத மாட்டார். சின்ன வயசுக்காரர்கள் சிரிப்பார்கள். மனுஷன் ஒன்றும் பிறவியிலேயே அப்படி இல்லை. 1986-ல்கூட மெஷினைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லுகிறவர், அதில் கொஞ்சம் கர்வமும் உள்ளவர்.

அந்த வருஷம்தான் பம்பாய்க்காரர்கள் வந்து கம்ப்யூட்டர் அறையில் புகையை மோப்பம் பிடிக்கும் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். கூரையை ஒட்டி ஒரு குழாய், குழாயில் எட்டுச் சின்னத் துளைகள். பெட்டிக்குள் இருக்கும் விசிறி அந்தத் துளைகள் வழியே அறைக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளிப் புகை கலந்திருந்தாலும் மணி அடித்து ஊரைக் கூட்டிவிடும்.

ஆயுதபூஜை வந்தது. சாம்பிராணி போடாமல் பூஜையா? பெட்டியை அணைப்பதற்கோ மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து அனுமதி வரவேண்டும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான ஸ்தனிஸ்லாஸே வழி கண்டுபிடித்தார். ஏணி போட்டு ஏறி, எட்டுத் துளையிலும் பிளாஸ்திரி ஒட்டினார். அட்டெண்டர் பிச்சமுத்து சாம்பிராணியை ஏந்தி அறை முழுக்கச் சுற்றிவந்தார். மணி மூச்சுவிடவில்லை. பூஜை முடிந்து ஸ்தனிஸ்லாஸ் பிளாஸ்திரிகளை உரித்துக்கொண்டிருந்தபோது, தோரணம் அவிழ்க்க வேண்டுமென்று யாரோ ஏணியைக் கேட்டார்கள். பிச்சமுத்துவும் கீழே நின்று, "இறங்குங்க சார், சுண்டல் ஆறுது" என்றார். இறங்கினார். சாப்பிட்டார். வீட்டுக்குப் போய்விட்டார்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த நாளிலிருந்து, சாயங்காலம் நாலு மணியானால் மணி அடிக்க ஆரம்பித்தது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஒவ்வொரு தரமும் கம்ப்யூட்டரை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, ஒரே அமர்க்களம். ஸ்தனிஸ்லாஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். காற்றின் வேகம் காட்டும் முள் சற்று இறங்கியிருந்தது. விசிறியில் தூசு இருக்கும் என்று தீர்மானித்து, திருகைக் கொஞ்சம் திருப்பி முள்ளை நேராக்கினார். ஒவ்வொரு துளையிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கும்படி பம்பாய்க்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. மூன்றில் பிடித்தார், சரியாக அடித்தது. மற்ற ஐந்துக்கும் ஏணியை நகர்த்த அலுப்பாக இருந்தது.

நாலு மணிக்கு அந்த அறைக்குள் வருகிறவர் பிச்சமுத்து ஒருவர்தான். கேன்டீனிலிருந்து டீ கொண்டுவருவார். சட்டையில் புகை வாடை வீசும். ஒரு காலத்தில் நாளைக்கு மூன்று கட்டு பீடி இழுத்தவர். மனைவி இருசம்மாள் சாகக் கிடந்தபோது, அவள் பிழைத்தால் பீடியைத் தொடுவதில்லை என்று சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டார். அவளும் பிழைத்து எழுந்தாள். அப்போது புத்தூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த சிஸ்டரிடம் சொல்லிப் படுக்கை வாங்கிக் கொடுத்தவரே ஸ்தனிஸ்லாஸ்தான். எல்லாம் தெரிந்துதான் நோட்டில் எழுதினார்: 'காரணம்: பிச்சமுத்து உள்ளே பீடி புகைப்பது.' 'இருக்கலாம்' என்றுகூடப் போடவில்லை.

"சாமி சத்தியமா இல்ல சார். ஒங்களுக்குத் தெரியாததா?" என்று பிச்சமுத்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷினு பொய் சொல்லாதுண்ணே" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

பிச்சமுத்துவை அரியமங்கலம் குடோனுக்கு மாற்றினார்கள். அந்த வாரத்தோடு மணியும் நின்றது. பிறகென்ன, மேனேஜரே கூப்பிட்டு ஸ்தனிஸ்லாஸின் முதுகில் தட்டினார். அதே வாரத்தில்தான் கேன்டீனில் விறகடுப்பை எடுத்துவிட்டு காஸ் அடுப்பு வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுவருஷ ஆயுதபூஜைக்குப் பிளாஸ்திரிச் சுருளோடு ஏணியில் ஏறினார். ஏ.சி. குழாய்க்குப் பின்னால், கீழிருந்து பார்த்தால் கண்ணில் படாத கடைசி இரண்டு துளைகளில் போன வருஷத்துப் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. குழாய் மேலேறும் இடத்தில் பொய்க்கூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். மேலே குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போய் வாய் பிளந்திருந்தது. உள்ளே விரலை விட்டார், கரி ஒட்டியது. அந்தச் சுவருக்கு அப்பால் கேன்டீன். துளைகள் அடைபட்டதால் விசிறி அந்தப் பிளவு வழியே கூடுதலாக இழுத்திருக்கிறது. இழுத்தது, நாலு மணி பஜ்ஜிக்கு மூட்டிய விறகுப் புகையை.

அந்த இரண்டு பிளாஸ்திரியையும் உரித்தார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டில் பழைய வரியை அடித்து, காரணமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அரியமங்கலம் பஸ் ஏறினார்.

குடோன் வாசலில் ஒரு பெட்டிமேல் பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"இருசம்மாக்கா கிட்டயும் நானே வந்து சொல்றேண்ணே. கால்ல வேணாலும் விழறேன்."

"அவ தையிலயே போயிட்டா சார். பழைய நோவு திரும்பிடுச்சு."

ஸ்தனிஸ்லாஸ் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார்.

"படுக்கையில கெடந்தப்ப கேட்டா, நேர்ந்துகிட்டத மீறிட்டியாய்யான்னு. இல்லடின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். அவ நம்பல. எனக்குப் பெட்டு வாங்கிக் குடுத்த மவராசன் பொய் எழுதுவாரா, நீதான் பொய் சொல்றேன்னு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துட்டா. அப்பறம் எங்கிட்டப் பேசவே இல்ல."

ஸ்தனிஸ்லாஸ் நோட்டை விரித்து நீட்டினார். பிச்சமுத்து அதை வாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

"அவ போன அன்னிக்கு ஆரம்பிச்சேன்" என்றார். "இப்ப எழுதுங்க சார். இப்ப எழுதினா சரியா இருக்கும்."