சமபந்திக்கு ஒரு பார்சல்

காலை 7.20-க்குக் கோவை காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் பிடித்தேன். அன்னூருக்கு முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் சரவணம்பட்டியைத் தாண்டவே நாற்பது நிமிடம் பிடித்தது. சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டுவிட்டு மீதிப் பாதியில் ஊரையே ஓட்டச் சொல்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் என் சொந்த ஊர் மயிலாடுதுறை, வேலை பார்த்தது கல்லூரியில், ஓய்வு பெற்றாயிற்று என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்காவதாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அந்த 'ங்க'வில் தேன் வழிந்தது. "தமிழ் ஆளு" என்றேன். சிரித்துவிட்டு, கணேசபுரம் வரைக்கும் பேசவில்லை.

நான் பேசப் போன தலைப்பு, 'இலக்கியத்தில் சமூகச் சீர்திருத்தம்'. இதே தலைப்பில் எத்தனை ஊரில் பேசியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பொன்னாடைகள் மட்டும் பீரோ நிறைய இருக்கின்றன. இந்த முறை போனதற்குக் காரணம் உண்டு. அன்னூருக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள அந்தக் கிராமத்தில், இரண்டு தலைமுறைக்கு முன்பே எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சமபந்தி நடந்திருக்கிறது. அதன் நினைவு விழா. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விஷயம் அந்த ஊரோடு முடிந்தது என்று மற்ற ஊர்கள் நிம்மதியாகிவிடும்.

9.05. அன்னூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ காத்திருந்தது.

"ஏனுங்க, பேச வந்த சார் நீங்கதானுங்களா? தலைவரு அனுப்பிச்சாருங்க."

ஓட்டுநர் பெயர் ஆறுமுகம். ஐம்பதைத் தாண்டியவர். அந்த ஊர்க் காலனிக்காரர். கிளம்பிய முதல் கிலோமீட்டரிலேயே சொல்லிவிட்டார்:

"எங்கப்பாரும் அந்தப் பந்தியில உக்காந்தவருங்க. போட்டோவுல மூணாவது ஆளு. அந்த போட்டோவ பிரேம் போட்டு ஊட்டுல மாட்டியிருக்கறனுங்க."

அதோடு நிற்கவில்லை. மகள் சுகன்யா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தமிழ் படிக்கிறாள். விழாவுக்காக நடத்திய கட்டுரைப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு.

"என்ற புள்ள பந்தியில எலை முன்னாடி உக்காந்து சாப்புடறத ஒரு போட்டோ எடுத்துப்போடோணுங்க சார். எங்கப்பாரு போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டறதுக்கு. நீங்க பக்கத்துல உக்காந்தீங்கன்னா இன்னும் நல்லாருக்குமுங்க."

"அதுக்கென்ன, உட்கார்ந்துட்டாப் போச்சு" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை.

பாதையின் இருபுறமும் வாழைத் தோட்டம், நடுநடுவே விசைத்தறிக் கூடங்களின் தடதட. மண்டப வாசலில் விழாக் குழுத் தலைவர் இரண்டு கையையும் கூப்பி நின்றார். நூல் மில் வைத்திருப்பவர். "வாங்க வாங்க, பிரயாணம் சௌகரியமுங்களா, காப்பி சாப்புடறீங்களா" என்று என்னைக் கரைத்துவிட்டார். திரும்பி ஆறுமுகத்திடம், "வண்டியை அந்தப்பக்கம் ஓரமாப் போடுடா" என்றார். ஆறுமுகம் அவரைவிட நான்கைந்து வயது பெரியவர். எனக்குச் சுருக்கென்றது. காப்பியைக் குடித்தேன்.

மேடையில் அந்தப் பழைய புகைப்படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இலைக்கு முன் பன்னிரண்டு பேர். கீழே தலைவருடைய தாத்தாவின் பெயரும் ஒரு காந்தியத் தொண்டரின் பெயரும், அப்புறம் 'மற்றும் பலர்'. மூன்றாவதாக இருந்த ஒல்லி மனிதர் இலையைப் பார்க்காமல் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு ஆரம்பிக்க வேண்டிய விழா பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்தது. வரவேற்புரை மட்டும் நாற்பது நிமிடம். சுகன்யாவுக்குக் கொடுத்தது இரண்டே நிமிடம். கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தாள்.

"நம்முடைய சீர்திருத்த நாவல்களில், விருந்து வைப்பவர் மனத்துக்குள் என்ன நினைத்தார் என்று பத்துப் பக்கம் இருக்கும். சாப்பிட வந்தவருக்குப் பசித்ததா என்று ஒரு வரி இருக்காது."

முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை. பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்து நான் பேசினேன். அன்று அந்தப் பந்தியில் உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று குரல் நடுங்கச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

1.30. பரிசு கொடுத்து முடித்ததும் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எலை போட்டாச்சுங்க, வாங்க."

"அந்தப் பொண்ணு என் பக்கத்துல உட்காரணுமே."

"வந்துருமுங்க. நீங்க மொதல்ல உக்காருங்க. ஆறிப்போயிருமுங்க."

உட்கார்ந்தேன். ஒப்பிட்டு (எங்கள் ஊரில் போளி) வைத்து, சூடாக நெய் ஊற்றினார்கள். பிரமாதமாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு மில்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். சாம்பார் சாதம் முடிகிற நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். மண்டபத்தின் பின்வாசலில் ஒரு மேசை. அதன் மேல் துணிப்பைகள் அடுக்கியிருந்தன. காலனி ஆட்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு பையாக வாங்கிக்கொண்டு போனார்கள். பையில் சிவப்பு எழுத்தில் 'சமபந்தி நினைவு விழா' என்று அச்சிட்டிருந்தது. வரிசையில் கடைசிக்கு முன்னால் சுகன்யா நின்றாள். ஒரு கையில் சான்றிதழ் இருந்தது. மறு கையை நீட்டிப் பையை வாங்கினாள்.

கை கழுவிவிட்டு நேரே தலைவரிடம் போனேன். என்ன இது என்றேன். அவர் கோபப்படவேயில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அவங்களே கூச்சப்படுவாங்களுங்க. காலனி ஆளுங்களே பார்சலாக் குடுத்துருங்கன்னு கேட்டாங்களுங்க."

"யார் கேட்டது?"

"பொதுவாத்தானுங்க."

இந்தப் 'பொதுவா' என்கிற ஆசாமியை நான் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். எதையாவது கேட்டால் அவர்தான் காரணம். ஆனால் ஒரு நாளும் நேரில் வர மாட்டார். "சமபந்திக்கு விழா எடுத்துவிட்டுப் பார்சலா?" என்று கத்தினேன். "சாப்பாடு ஒண்ணுதானுங்களே, ரெண்டு அடுப்புலயா வெச்சோம்?" என்று உண்மையாகவே மனம் நொந்து கேட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் கையில் நெய் வாசனை போகவில்லை. பொன்னாடையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

2.25. ஆட்டோவில் என் பக்கத்தில் சுகன்யா, மடியில் பை. அன்னூரில் தோழி வீட்டுக்குப் போகிறாளாம். பந்திப் புகைப்படம் பற்றி ஆறுமுகமே ஆரம்பித்தார். "மேடையில பரிசு வாங்கறத எடுத்துட்டனுங்க சார், அது போதுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைவரையும், ஊரையும், வெறும் வாய் உபசாரத்தையும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு வைதுகொண்டே வந்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் சுகன்யா கேட்டாள்:

"உங்களுக்கு எப்பங்க சார் தெரிஞ்சுது? சாப்ட்டு எந்திரிச்சப்புறமுங்களா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. முன்சீட்டில் அவள் அப்பாவின் கழுத்து லேசாகத் திரும்பியது.

"இல்லம்மா. ரசம் ஊத்தறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்புறம் ரசமும் மோரும் சாப்ட்டீங்களுங்களா?"

"சாப்பிட்டேன்."

"சரிங்க சார்" என்றாள். குத்தலே இல்லை. அடுத்த கட்டுரைக்குக் குறிப்பு எடுப்பதைப்போலத்தான் கேட்டாள். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அறுபத்துமூன்று வயதில், அன்னூர் போகிற வழியில் தெரிந்தது.

கோவை பஸ் தயாராக நின்றது. ஆறுமுகம் என் பையைத் தூக்கி ஏற்றிவிட்டு, "பத்திரமாப் போய்ட்டு வாங்க சார்" என்றார். சுகன்யாவும் கைகூப்பினாள்.

எங்கள் ஊரில் இப்படிக் கிடையாது என்று எழுத ஆசைதான். எங்கள் ஊரில் பார்சல்கூடக் கிடையாது. காலனித் தெருவுக்கு அழைப்பிதழே போகாது. அந்த விழாக்களிலும் நான் பேசியிருக்கிறேன், சாப்பிட்டும் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கட்டுரையை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும், ஜன்னல் வழியாகப் பார்த்ததும் இலையை மூடிவிட்டு நான் எழுந்துவிட்டேன். மூன்றிலும் மண்டபம் திகைத்துப்போனது. சுகன்யாவை அழைத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. இது நான்காவது.