அப்பாவுக்கு வந்துரும்

மகளின் சிலிப்பரில் ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்ததும் அவளை வாசலிலேயே நிறுத்தினேன். கொரோனாவுக்காக எம்சிஓ என்று ஊரடங்கு போட்டு எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். கிள்ளானில் எங்கள் வீடு நாலாவது மாடியில். கீழே பிள்ளைகளின் விளையாட்டுத் திடலையே நாடா கட்டி மூடியிருந்தார்கள். பதினொரு வயதுக்காரி, அங்கே குட்டி போட்டிருந்த பூனையைப் பார்க்க எனக்குத் தெரியாமல் இறங்கியிருக்கிறாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கிருமியைப் பற்றிப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை, மிரட்டத்தான் தெரிந்தது. "உன் கால்ல ஒட்டிக்கிட்டு மேல வரும். அப்பாவுக்கு வந்துரும், பார்த்துக்க" என்றேன்.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிற மனிதர், தினமும் எத்தனையோ பேரோடு பழகுகிறவர், எங்கே யாரிடமிருந்து தொற்றியதோ. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் தனிமைப்படுத்தும் மையத்துக்கு அழைத்துப் போக வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அவர் படியில் திரும்பி நின்று, "ஓசிச் சாப்பாடு, ஓசி பெட்டுலா. முதலாளி மாதிரி தூங்கிட்டு வரேன்" என்றார். அழுகையோடு அழுகையாக நானும் சிரித்துவிட்டேன். மகள் மட்டும் வழியனுப்ப வரவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், குத்துக்காலிட்டுக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். அதோடு விட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் அப்பா பக்கத்தில் உட்காருவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். பெரிய பிள்ளையாகிறாள், கூச்சம் என்று விட்டுவிட்டேன். படுக்குமுன் கேஸ் அடைத்திருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்க்கிறவள் நான். இது மட்டும் என் கண்ணில் படவில்லை.

இப்போது அவளுக்குப் பதினாறு. போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அவருக்கு மிளகாய் புரையேறி, விடாமல் இருமினார். அறைக்குள்ளிருந்து ஓடி வந்தவள் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் போகலம்மா. ஸ்கூலுக்கு மட்டும்தான் போனேன்."

"அன்னைக்கு அம்மா சும்மா மிரட்டினேன், கண்ணு. உன்னால வரலைலா" என்றேன்.

"தெரியும்மா. எப்பவோ கூகல்ல படிச்சிட்டேன்."

அவர் இருமிக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, வா என்று கை காட்டினார். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து மேசையின் இந்த ஓரத்தில் வைத்து, விரல் நுனியால் அவர் பக்கம் தள்ளினாள். இருமல் நிற்கும்வரை அறை வாசலிலேயே நின்றாள்.