மூன்றாம் பாகம் மட்டும் பாக்கி

லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு எந்த மாடி முதலில் என்ற கேள்வியே கிடையாது. எங்கே ஆள் மாட்டிக்கொண்டு கத்துகிறாரோ, அதுதான் முதல் மாடி. கதை எழுத உட்கார்ந்தபோதும் நம் லிப்ட்காரர் அதே புத்தியைத்தான் காட்டினார். ஒரு பூட்டுக்காரனின் வாழ்க்கை, ஐந்து பாகம் என்று மனதில் திட்டம் இருந்தது. பிறந்தான், வளர்ந்தான் என்று ஒழுங்காக ஆரம்பிக்க வேண்டியதுதானே? மாட்டார். எடுத்த எடுப்பில் நான்காம் பாகத்தை எழுதினார். அதில் பூட்டுக்காரனுக்குத் தலை நரைத்துவிட்டது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் திறக்கிறவன் தன் வீட்டைத் திறந்து உள்ளே போக மனமில்லாமல் வாசலில் நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்று யாராவது கேட்பார்களே என்று, போகிற போக்கில் ஒரு வரி எழுதி வைத்தார்: 'அவள் போனபோது அவன் பக்கத்தில் இல்லை.'

எழுதும்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வரிக்காக ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

புத்தகம் எப்படியோ சூடு பிடித்துவிட்டது. பதிப்பாளர் அடுத்ததைக் கேட்டார். லிப்ட்காரர் முதல் பாகத்தைக் கொடுத்தார், பிறகு ஐந்தாவதை, பிறகு இரண்டாவதை. புத்தகத்தின் முதுகில் பாக எண்ணைப் பார்த்த வாசகர்களுக்குத் தலை சுற்றியது. நான்காம் பாகத்தை வாங்கிப்போன ஒருவர், முதல் மூன்றையும் கடைக்காரர் ஒளித்து வைத்திருக்கிறார் என்று சண்டைக்கே வந்துவிட்டாராம்.

"சார், ஜனங்க ஒண்ணு ரெண்டு மூணுன்னு படிச்சுப் பழகினவங்க" என்று பதிப்பாளர் வீட்டுக்கே வந்து புலம்பியபோது, தையல் மெஷினை நிறுத்தாமல் பதில் சொன்னவள் லிப்ட்காரரின் மனைவி.

"சட்டை தைக்கிறப்போ நான் காலரைத்தான் முதல்ல தைக்கிறேன். போடுறவர் கையைத்தான் முதல்ல விடுறார். இதுவரைக்கும் யாராவது என்மேல கேஸ் போட்டாங்களா?"

அவள் அப்படித்தான். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர் நியாயம் பேசுவாள். கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளை, "ஐயோ, வெளியே உங்க வண்டியை யாரோ நகர்த்துறாங்க பாருங்க" என்று சிரிக்காமல் கிளப்பிவிடுவாள். உண்மையைச் சொன்னால், தொடரைத் தாங்கிப் பிடித்தது அவள்தான். முன்னும் பின்னுமாக எழுதுகிறவருக்கு எது எப்போது நடந்தது என்று ஒரு இழவும் நினைவிருக்காது. அவர் வாசிக்க வாசிக்க அவள் மெஷினை மிதித்துக்கொண்டே தப்பைப் பிடிப்பாள். "நாலாம் பாகத்துல அவன் இடது கையில தீக்காயம் இருக்கு. ரெண்டுல கை சுத்தமா இருக்கு. அப்போ மூணுலதான் சுட்டுக்கணும், மறந்துடாதீங்க."

இதில் ஒரு விபரீதம் நடந்தது. நான்காம் பாகத்தில் பூட்டுக்காரனின் மனைவிக்கு முகமே இல்லை. இறந்தவளுக்கு முகம் எதற்கு? ஆனால் இரண்டாம் பாகத்தில் அவள் உயிரோடு நடமாட வேண்டும், பேச வேண்டும், சண்டை போட வேண்டும். அதற்கு ஆள் தேடி அவர் எங்கே போவார்? எதிரே மெஷின் மிதிக்கிறவளை அப்படியே கதைக்குள் தூக்கிப் போட்டுவிட்டார், உதட்டுக் குண்டூசி உட்பட.

"என்னைத்தான் எழுதியிருக்கீங்க. மூக்கையாவது கொஞ்சம் எடுப்பா எழுதியிருக்கலாம்" என்றாள் படித்துவிட்டு. இருவரும் சிரித்தார்கள். பாக்கி இருந்தது மூன்றாம் பாகம் மட்டும். அதில்தான் அவள் சாக வேண்டும் என்பது அன்று இருவருக்கும் உறைக்கவில்லை.

வயிற்று வலி என்று ஆரம்பித்தது. வாயு என்றார்கள், புண் என்றார்கள், கடைசியில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூட யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே லிப்ட்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. இடுப்பு வரைக்கும் பின்னல் போட்டவள், மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் ஓரக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

லிப்ட்காரர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவைப் பார்த்தாலே பயம். மூன்றாம் பாகத்தை எழுதி முடித்துவிட்டால் இவள் போய்விடுவாள் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதைவிடப் பெரிய பயம், நான்காம் பாகத்தில் 'அவன் பக்கத்தில் இல்லை' என்று எழுதிய அந்த ஒற்றை வரி. அதற்குப் பயந்து அவர் வார்டை விட்டு நகரவே மறுத்தார். லீவு போட்டார், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பாத்ரூம் போவதென்றாலும் கொழுந்தியாளைக் கட்டிலருகே காவல் வைத்துவிட்டு ஓடிப்போய் ஓடிவருவார்.

"சார், பேஷண்ட் அவங்களா, நீங்களா?" என்று நர்ஸ் அதட்டினாள். "உங்க மூஞ்சியைப் பார்த்தா எங்களுக்கே பயமா இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் பதிப்பாளர் போன் செய்தார். நான்காம் பாகம் மறுபதிப்பு போகிறதாம். லிப்ட்காரர் வராந்தாவுக்குக்கூடப் போகாமல், கட்டிலருகிலேயே நின்று கத்தினார். "அந்த வரியை எடுத்துடுங்க! அவன் பக்கத்துலதான் இருந்தான்னு மாத்திடுங்க!"

போனை வைத்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அச்சடிச்சதை எதுக்கு மாத்துறீங்க? படிச்சவங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். அந்த வரி இருக்கக் கூடாது."

"நான் ஒரு வழி சொல்றேன், மூணாம் பாகத்துக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. "அவளேதான் அவனை வெளியே அனுப்பிடுறா. ஏதாவது வாங்கிட்டு வாங்கன்னு, தேவையே இல்லாத ஒண்ணை. ஒரு ஆம்பளை பக்கத்துல நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தா நிம்மதியா கண்ணை மூட முடியுமா? அவன்மேலயும் தப்பு வராது. எப்படி?"

"வாயை மூடு" என்றார் லிப்ட்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அப்படிச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாருங்க, இதைத்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண் கூப்பிட்டாள். "சார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தா நிக்காது. அதை வெச்சு இன்னும் நாலு இடம் வருது. நீங்க வந்து உட்கார்ந்து சொன்னாத்தான் ஆகும். மத்தியானம் மெஷின்ல ஏறிடும்."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனால் இவளை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வரி இன்னும் ஆயிரம் பிரதியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"போயிட்டு வாங்க. தங்கச்சி இருக்கால்ல?" என்றாள் மனைவி. அன்று முகம் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. "வர்றப்போ எனக்கு ஒரு சீப்பு வாங்கிட்டு வாங்க."

"வாங்கிட்டு வரேன், வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையல் கடை. "பெரிய பல்லா, நெருக்கமான பல்லா?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. முடியே இல்லையே! ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. முடி வளரும் என்று நம்புகிறாள்! இத்தனை நாள் சாவைப் பற்றியே பேசியவள், இன்று தலை வார நினைக்கிறாள்! "பெரிய பல்லே கொடுங்க. அவளுக்கு அடர்த்தியான முடி" என்றார் பெருமையாக. சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அச்சகப் படியை இரண்டிரண்டாக ஏறினார். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குப் பசிகூட எடுத்தது.

அந்தப் பெண் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது போன் அடித்தது. கொழுந்தியாள்.

"அத்தான்" என்றாள். "திடீர்னு மூச்சு... டாக்டர் ஓடிவந்தார், அத்தான். அதுக்குள்ள... நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்து, உங்களை எங்கேன்னு கேட்டா. சீப்பு வாங்கப் போயிருக்கார்னு சொன்னேன். சிரிச்சா, அத்தான். எதுக்குன்னே தெரியல, அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சா."

எதற்கென்று லிப்ட்காரருக்குத் தெரிந்தது. சட்டைப் பையைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அந்தப் பெண் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. சுட்டியை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சார், எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவதான் அவனை அனுப்பினா. அது மூணாம் பாகத்துல வரும்."