செபமாலையில் விட்டுப்போன பெயர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் அரபு நாட்டில், புஜைராவில் இருக்கும் மகள் வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தியின் போனில் ஒரு கிட்டார் பாட்டு வந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் சூசை கொண்டுவந்த இசைத்தட்டில் கேட்ட குரல் அது. அதன் அட்டையில் தடித்த கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பையன் சிரிப்பான். கருவாடு மணக்கும் எங்கள் அறையில் அண்ணன் அதைச் சுழலவிட்டு ஆடுவான். அந்தப் பையன் விமானம் விழுந்து செத்துப்போனான் என்று ஒருநாள் அண்ணனே சொல்லி அழுதான்.

"ஆரு பெத்த பிள்ளையோ" என்றாள் அம்மா. அன்று செபமாலை முடிவில், எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களோடு அவன் பெயரையும் சேர்த்தாள்.

"எம்மா, அவன் நம்ம சபை இல்ல" என்றான் அண்ணன்.

"செத்தவனுக்கு என்னல சபை?"

பிறகு அண்ணன் போன கப்பலும் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அம்மா இரண்டு பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிவந்தாள். அவளுக்குப் பின் நான் சொல்கிறேன்.

நேற்று சூசைக்கு முன்னால் வரும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. பேத்தியைக் கேட்டேன்.

"பாட்டு தானா வந்துட்டுப் போயிருச்சு பாட்டி. பேரு சொன்னா தேடலாம்."

"பேருதான் மறந்துபோச்சு, மக்கா."

நாளைக்குச் சூசையும் மறந்துபோனால்? இந்தச் செபமாலையை விட்டால் அவனுக்கு வேறு கல்லறை கிடையாது. தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்து, அந்தப் பையன் பெயரைச் சொல்லுங்கள்.